முந்துவோரும் தாங்குவோரும்

"உலகிலேயே மிக விரைவாக ஓடும் விலங்கு எது?" பொது அறிவுப் போட்டிகளில் தவறாமல் இடம்பெறும் வினா இது. கேள்வி முடியுமுன்பே கைகள் உயர்ந்துவிடும். "சிறுத்தை!" என்று விடை வரும், மதிப்பெண்ணும் கிடைத்துவிடும். அந்த விடையைச் சற்றே உரசிப் பார்ப்போமா, தோழியரே?

முதலில் பெயரிலேயே ஒரு குழப்பம். நம் நாட்டு மலைக்காடுகளில் மரமேறிப் பதுங்கும் சிறுத்தை வேறு; ஆப்பிரிக்கப் புல்வெளிகளில் ஓடும் சிவிங்கிப்புலி வேறு. முன்னது தடித்த உடலும் குட்டைக் கால்களும் உடையது. பின்னது மெலிந்த இடையும் நெடிய கால்களும் கொண்டது. அதன் கண்ணோரத்திலிருந்து வாய் வரை கண்ணீர் வழிந்தாற்போன்ற ஒரு கருங்கோடு இறங்கும். ஓட்டத்தில் முதற்பரிசு பெறுவது இந்தச் சிவிங்கிப்புலியே. பரிசு ஒருவருக்கு, பாராட்டு வேறொருவருக்கு என்று ஆகிவிடக் கூடாதன்றோ?

அடுத்து, வேகம் என்று எதைச் சொல்கிறோம்? மணிக்கு எத்தனை கிலோமீட்டர் என்பது ஓர் அளவு. தன் உடல் நீளத்தைப்போல் எத்தனை மடங்கு தூரத்தை ஒரு வினாடியில் கடக்கிறது என்பது மற்றோர் அளவு. ஓடாமல் நின்ற இடத்திலேயே ஓர் உறுப்பை மட்டும் எவ்வளவு விரைவாக வீசுகிறது என்பது இன்னோர் அளவு. அளவுகோலை மாற்றினால் வெற்றியாளரும் மாறிவிடுகிறார். இக்கட்டுரையில் நாம் அளவுகோலை அடிக்கடி மாற்றப் போகிறோம். கணக்கு நோட்டைப் பக்கத்தில் வைத்துக்கொள்வது நல்லது.

சிவிங்கிப்புலியின் வேகம் மணிக்கு 110 அல்லது 120 கிலோமீட்டர் என்று பல நூல்களில் அச்சாகியிருக்கிறது. அளந்து பார்த்தவர்கள் சொல்வது இதைவிடக் குறைவு. போட்ஸ்வானா நாட்டில் ஐந்து சிவிங்கிப்புலிகளுக்குக் கழுத்துப் பட்டை மாட்டி, அதிலுள்ள கருவியின் மூலம் 367 ஓட்டங்களைப் பதிவு செய்து, 2013-ஆம் ஆண்டில் விஞ்ஞானிகள் முடிவுகளை வெளியிட்டனர். அவற்றுள் மிக அதிக வேகம் மணிக்கு 93 கிலோமீட்டர். பெரும்பாலான வேட்டைகளில் அந்த வேகம்கூட எட்டப்படவில்லை. ஒவ்வோர் ஓட்டத்தின் உச்ச வேகத்தையும் எடுத்துச் சராசரி பார்த்தால் மணிக்கு 54 கிலோமீட்டர்தான். அப்படியானால் அதன் திறமை எங்கே? நின்ற நிலையிலிருந்து பாய்ந்து எழுவதிலும், ஓடிக்கொண்டிருக்கையில் சட்டென வேகத்தைக் குறைத்துத் திரும்புவதிலும்தான் அதன் உண்மையான ஆற்றல் வெளிப்படுகிறது. இரை நேராக ஓடுவதில்லை; இப்படியும் அப்படியும் வளைந்து ஓடும். அதற்கு ஈடுகொடுக்க நீண்ட வால் சுக்கான்போல் உதவுகிறது. முற்றிலும் உள்ளிழுக்க முடியாத நகங்கள் ஓட்டக்காரர் காலணியின் ஆணிகளைப்போல் மண்ணைப் பற்றிக்கொள்கின்றன. வில்போல் வளைந்து நிமிரும் முதுகெலும்பு ஒவ்வொரு தாவலின் நீளத்தையும் கூட்டுகிறது.

ஓர் ஒப்பீடு. ஜமைக்கா வீரர் உசைன் போல்ட் 2009-இல் பெர்லின் நகரில் 100 மீட்டரை 9.58 வினாடியில் ஓடி உலக சாதனை படைத்தார். அமெரிக்காவின் சின்சினாட்டி மிருகக்காட்சிசாலையில் வளர்ந்த சாரா என்ற பெண் சிவிங்கிப்புலி 2012-இல் அதே தூரத்தை 5.95 வினாடியில் கடந்தது. அப்போது அதற்கு வயது பதினொன்று. சிவிங்கிப்புலிக்கு அது முதுமை!

இத்தகைய விலங்கு ஒரு காலத்தில் நம் நாட்டிலும் இருந்தது. அரசர்கள் அதைப் பிடித்துப் பழக்கி, மான் வேட்டைக்கு அழைத்துச் சென்றனர். நம் நாட்டின் கடைசிச் சிவிங்கிப்புலிகள் எனக் கருதப்படும் மூன்று, இன்றைய சத்தீஸ்கர் மாநிலத்தைச் சேர்ந்த கொரியாவில் 1947-இல் சுட்டு வீழ்த்தப்பட்டன. 1952-இல் இந்தியாவில் இவ்விலங்கு அற்றுப்போனதாக அறிவிக்கப்பட்டது. துப்பாக்கிக் குண்டை முந்த எந்தக் காலாலும் முடியாது. மேய்ச்சலுக்கும் உழவுக்கும் போய்விட்ட புல்வெளியை எந்த வேகமும் மீட்டுத் தராது. எழுபது ஆண்டுகள் கழித்து, 2022 செப்டம்பர் 17 அன்று, நமீபியாவிலிருந்து எட்டுச் சிவிங்கிப்புலிகள் விமானத்தில் வந்திறங்கி மத்தியப் பிரதேசத்தின் குனோ தேசியப் பூங்காவில் விடப்பட்டன. 2023 பிப்ரவரியில் தென்னாப்பிரிக்காவிலிருந்து மேலும் பன்னிரண்டு வந்தன. அவற்றுள் சில மடிந்தன. சில குட்டிகளை ஈன்றன.

நம் நாட்டில் சிவிங்கிப்புலி துரத்திய விலங்குகளுள் முக்கியமானது வெளிமான். கோடியக்கரை சரணாலயத்திலும், சென்னை கிண்டி பூங்காவிலும் அதை இன்றும் காணலாம். துரத்துவோர் மறைந்த பின்னும் அதன் கால்கள் வேகத்தை மறக்கவில்லை. இதைவிட விந்தையான கதை வட அமெரிக்காவில் உண்டு. அங்குள்ள பிராங்ஹார்ன் என்னும் மான் போன்ற விலங்கு மணிக்கு 80 கிலோமீட்டருக்கு மேல் ஓடும். அதுவும் சிவிங்கிப்புலியைப்போல் சில வினாடிகள் அல்ல, நெடுந்தூரம் களைக்காமல் ஓடும். இன்று அதைத் துரத்தும் ஓநாயோ, கொயோட்டி நரியோ அந்த வேகத்தை எட்டுவதில்லை. பிறகு எதற்காக இந்த வீண் வேகம்? பல ஆயிரம் ஆண்டுகளுக்கு முன் அமெரிக்காவில் சிவிங்கிப்புலியைப் போன்ற ஒரு பூனையினம் வாழ்ந்து அழிந்தது. அதனிடமிருந்து தப்பப் பெற்ற வேகத்தையே பிராங்ஹார்ன் இன்றும் சுமந்து திரிகிறது என்று ஆய்வாளர் சிலர் கருதுகின்றனர். பேயைக் கண்டு ஓடுவதுபோல் என்று சொல்வோமே, அது இதுதான் போலும்.

தரையை விட்டு வானுக்கு வருவோம். அங்கே அரசு செய்வது பொரி வல்லூறு. உயரத்தில் வட்டமிட்டு, கீழே பறக்கும் புறாவையோ வாத்தையோ குறிவைத்து, சிறகுகளை மடக்கிக்கொண்டு கல்போல் விழும். அந்தப் பாய்ச்சலில் மணிக்கு 300 கிலோமீட்டரை எளிதில் தாண்டிவிடும். அமெரிக்காவில் ஒரு வான்குதிப்பு வீரர் தாம் பழக்கிய வல்லூறுடன் விமானத்திலிருந்து குதித்து, அதன் வேகத்தைக் கருவியால் அளந்தார். மணிக்கு 389 கிலோமீட்டர் எனப் பதிவாயிற்று. இதில் பூமியின் ஈர்ப்புக்கும் பெரும் பங்குண்டு என்பதை மறக்கலாகாது. மட்டமாகப் பறக்கும்போது வல்லூறின் வேகம் அதில் மூன்றில் ஒரு பங்குகூட இராது. ஆயினும், விழுவது எல்லோராலும் முடியும். விழுந்துகொண்டே குறி தவறாமல் இரையைப் பிடித்து, தரையில் மோதாமல் மீண்டும் எழுவதுதான் அரிது.

அந்த வல்லூறையும் ஒன்று பிடித்துவிட்டது. இரண்டாம் உலகப் போருக்குப் பின் வயல்களிலும் தோட்டங்களிலும் டி.டி.டி. என்னும் பூச்சி மருந்து ஏராளமாகத் தெளிக்கப்பட்டது. அந்த நஞ்சு பூச்சியிலிருந்து சிறு பறவைக்கும், சிறு பறவையிலிருந்து வல்லூறுக்கும் சென்று, படிக்குப் படி செறிந்தது. வல்லூறு உடனே சாகவில்லை. ஆனால் அது இட்ட முட்டைகள், அடைகாக்கும் தாயின் எடையைத் தாங்காமல் கூட்டிலேயே நொறுங்கின. இங்கிலாந்தைச் சேர்ந்த டெரெக் ராட்கிளிஃப் என்பவர் பழைய முட்டைச் சேகரிப்புகளில் இருந்த ஓடுகளையும் புதியவற்றையும் ஒப்பிட்டு, போருக்குப் பின் இட்ட முட்டைகளின் ஓடு ஏறத்தாழ ஐந்தில் ஒரு பங்கு மெலிந்துவிட்டது என்பதை 1967-இல் வெளியிட்டார். பொழுதுபோக்குக்காகச் சிலர் முட்டை ஓடுகளைச் சேர்த்து வைத்திராவிட்டால் இந்த உண்மை எளிதில் வெளிவந்திராது. 1960-களின் நடுவிலேயே அமெரிக்காவின் கிழக்குப் பகுதியில் கூடு கட்டும் வல்லூறு ஒன்றுகூட இல்லை என்ற நிலை வந்துவிட்டது. 1972-இல் அங்கு டி.டி.டி. தடை செய்யப்பட்டது. கூண்டில் குஞ்சு பொரிக்கவைத்து, ஆயிரக்கணக்கான குஞ்சுகளை வெளியே விட்டனர். 1999-இல்தான் அந்நாட்டின் அழியும் நிலை உயிரினப் பட்டியலிலிருந்து இப்பறவையின் பெயர் நீக்கப்பட்டது.

கடலிலே வேகமானது எது என்று கேட்டால், பழைய நூல்கள் ஒரே குரலில் மயில் மீன் என்று சொல்லும். முதுகில் மயில் தோகைபோல் விரியும் துடுப்பும், ஈட்டி போன்ற மூக்கும் உடைய இம்மீன் நம் கடல்களிலும் பிடிபடுவதுண்டு. அதன் வேகம் மணிக்கு 110 கிலோமீட்டர் என்பர். இந்த எண் எப்படி வந்தது தெரியுமா? அமெரிக்காவின் புளோரிடாவில் தூண்டிலில் சிக்கிய ஒரு மீன் மூன்று வினாடியில் 91 மீட்டர் கயிற்றை இழுத்துச் சென்றதாம். துள்ளித் தாவும் மீன், சுழலும் உருளை, நிறுத்துக் கடிகாரத்தில் ஒரு கை — இவற்றை வைத்துப் போட்ட கணக்கு பல பத்தாண்டுகள் நூலுக்கு நூல் தாவியது. பின்னர் வெளியான ஆய்வுகளில், மீனின் தசை எவ்வளவு விரைவில் சுருங்க இயலும் என்பதை அளந்தும், நீந்தும் மீன்களின்மேல் கருவி பொருத்தியும் பார்த்தபோது, வினாடிக்கு 8 மீட்டர் அளவே கிடைத்தது. அதாவது மணிக்கு சுமார் 30 கிலோமீட்டர். நூலில் இருக்கிறது என்பதற்காக ஒன்றை நம்பிவிடலாமா என்று ஆசிரியைகள் கேட்பது இதற்காகத்தான்.

இனி அளவுகோலை மாற்றுவோம். கலிபோர்னியாவில் ஒரு சிற்றுண்ணி இருக்கிறது. எள்ளைவிடச் சிறியது, நீளம் ஒரு மில்லிமீட்டருக்கும் குறைவு. நண்பகலில் சூடேறிய சிமெண்டு நடைபாதைமேல் அது ஓடுவதைப் படம்பிடித்த மாணவர் ஒருவரின் ஆய்வு 2014-இல் வெளியாயிற்று. வினாடிக்குத் தன் உடல் நீளத்தைப்போல் 322 மடங்கு! சிவிங்கிப்புலிக்கு இக்கணக்கு ஏறத்தாழ 16 மடங்குதான். நம்மில் ஒன்றரை மீட்டர் உயரமுள்ள ஒருத்தி அந்த விகிதத்தில் ஓடினால் என்னாகும்? 1.5-ஐ 322-ஆல் பெருக்கினால் வினாடிக்கு 483 மீட்டர். மணிக்கு 1,700 கிலோமீட்டருக்கு மேல். ஒலியின் வேகமே வினாடிக்குச் சுமார் 343 மீட்டர்தான். மணியோசை காதில் விழுமுன் அவள் வகுப்பில் அமர்ந்திருப்பாள். ஆனால் உண்மையில் அந்த உண்ணி மணிக்கு ஒரு கிலோமீட்டர்கூடப் போவதில்லை என்பதையும் சேர்த்துச் சொல்லிவிட வேண்டும். விகிதக் கணக்கு வியப்பூட்டும். அதுவே முழுக் கதையாகாது.

உறுப்பின் வேகம் என்று எடுத்துக்கொண்டால் எறும்பு வல்லூறை நெருங்கிவிடுகிறது. கண்ணிமைக்கும் நேரம், கைந்நொடிக்கும் நேரம் என்ற இரண்டைக் கொண்டே தொல்காப்பியம் எழுத்தின் மாத்திரையை அளந்தது. நொடி என்பது விரலைச் சொடுக்குவதேயாகும். அதுவே பிறகு காலத்தின் பெயராயிற்று. டிராகுலா எறும்பு என்ற ஓர் எறும்பு செய்வதும் அதே சொடக்குதான். தன் இரு தாடைகளின் நுனிகளையும் ஒன்றோடொன்று அழுத்தி, விசையேற்றி, ஒன்றை மற்றொன்றின்மேல் வழுக்கவிடுகிறது. 2018-இல் வெளியான அளவின்படி அந்தத் தாடையின் வேகம் வினாடிக்கு 90 மீட்டர், அதாவது மணிக்கு 324 கிலோமீட்டர். வல்லூறு வானிலிருந்து விழுந்து பெறும் வேகத்தை இது அசையாமல் நின்றே பெற்றுவிடுகிறது. கும்பிடுபூச்சியைப்போல் முன்கால்களை மடித்து வைத்திருக்கும் ஒரு வகைக் கடல் உயிரும் இத்தகைய கில்லாடியே. அது முன்காலை வினாடிக்கு 23 மீட்டர் வேகத்தில் வீசிச் சிப்பியை உடைக்கும். இவற்றில் தசை நேரடியாக அடிப்பதில்லை. வில்லை மெல்ல வளைத்து நாணைப் பூட்டி வைப்பதுபோல் விசையைச் சேர்த்துவைத்து, பூட்டை மட்டும் திறந்துவிடுகிறது. அம்பை வேகமாக்குவது வில்லாளியின் கையன்று, வில் என்பதை நாம் அறிவோம்.

எங்களைக் கேட்டால், ஒரு கணப் பாய்ச்சலைவிட நெடும்பயணமே பெரிது என்போம். பட்டைவால் மூக்கன் என்பது கடலோரச் சேற்றில் நீண்ட அலகால் புழு தேடும் ஒரு பறவை. 2022 அக்டோபரில், பிறந்து ஐந்தே மாதமான ஓர் இளம் மூக்கன் அலாஸ்காவிலிருந்து புறப்பட்டு, 11 நாட்கள் இடைவிடாது பறந்து, ஆஸ்திரேலியாவின் டாஸ்மேனியாத் தீவில் இறங்கியது. அதன் முதுகிலிருந்த சிறு கருவி செயற்கைக்கோளுக்குச் சொன்ன தூரம் 13,560 கிலோமீட்டர். கன்னியாகுமரியிலிருந்து காஷ்மீரின் வட எல்லைக்கு நான்கு தடவை போவதற்கும் அதிகம். சராசரி வேகம் மணிக்கு 51 கிலோமீட்டர். ஒரு பேருந்தின் வேகம்தான். ஆனால் அந்தப் பேருந்து எங்கும் நிற்கவில்லை, எரிபொருள் நிரப்பவில்லை. இது கடற்பறவை அன்று. நீரில் அமர்ந்து இளைப்பாற இதனால் இயலாது. கீழே பசிபிக் பெருங்கடல். வழிகாட்டத் தாய் தந்தையரும் உடனில்லை. பெரியவை முன்பே போயிருக்கும். புறப்படும்முன் இப்பறவைகள் உடல் எடையில் பாதியளவு கொழுப்பாகும்வரை உண்கின்றன. பின்னர் இரைப்பை, குடல், ஈரல் ஆகியவை சுருங்கிவிடுகின்றன. பதினொரு நாள் சோறில்லை என்றால் அடுப்பும் பாத்திரமும் எதற்கு என்று இறக்கிவைப்பதைப் போன்றது இது!

திரும்பும் பயணத்தில் இவை சீனா, கொரியா நாடுகளுக்கு இடையேயுள்ள மஞ்சள் கடலின் சேற்றுக்கரைகளில் இறங்கிப் பசியாறும். அங்கே பல்லாயிரம் ஏக்கர் சேற்றுநிலம் கரைகட்டித் தூர்க்கப்பட்டது. இறங்க இடமில்லாமல் போனால் சிறகின் வலிமை என்ன செய்யும்? 2018-இல் சீன அரசு இத்தகைய தூர்ப்பை நிறுத்த முடிவெடுத்ததும், 2019-இல் அக்கரைகளில் ஒரு பகுதி உலகப் பாரம்பரியச் சின்னமானதும் நல்ல செய்திகள்.

நம் ஊர்க் குளத்துக்கே வரும் சாதனையாளர் ஒருவர் உண்டு. திருநெல்வேலி மாவட்டத்துக் கூந்தன்குளத்துக்குக் குளிர்காலத்தில் வரித்தலை வாத்துகள் வருகின்றன. வெண்மையான தலையின் பின்புறம் இரண்டு கறுப்பு வரிகள். அதுவே பெயர்க் காரணம். மங்கோலியா, திபெத் பகுதிகளில் முட்டையிட்டுக் குஞ்சு பொரிக்கும் இவை இமயமலையைத் தாண்டித்தான் நம்மிடம் வரவேண்டும். எவரெஸ்டுக்கு மேலேயே பறக்கும் என்று முன்பு எழுதினர். கருவிகள் காட்டிய உச்ச உயரம் 7,290 மீட்டர். அங்கே காற்றில் உள்ள பிராணவாயு கடல்மட்டத்தில் உள்ளதில் பாதிக்கும் குறைவு. மனிதர் அங்கே நாலடி வைத்து நின்று மூச்சு வாங்குவர். இந்த வாத்தோ சிறகடிக்கிறது. இதன் இரத்தத்திலுள்ள ஹீமோகுளோபின் மெல்லிய காற்றிலும் பிராணவாயுவை இறுகப் பற்றிக்கொள்கிறது. ஒரே உயரத்தில் பறக்காமல் மலை ஏறும் இடத்தில் ஏறி, இறங்கும் இடத்தில் இறங்கி, அடர்ந்த காற்றை நாடிச் செல்கிறது என்பதையும் 2015-இல் வெளியான ஆய்வு காட்டியது. ஏறிய உயரத்தை விட்டுக்கொடுத்து மறுபடி ஏறுவது வீண் என்று நமக்குத் தோன்றும். அந்த வாத்துக்கு அதுவே சிக்கனம்.

வேகமும் தாங்கும் திறனும் ஓருடலில் சேர்ந்திருக்குமா? சகாரா பாலைவனத்து வெள்ளி எறும்பில் சேர்ந்திருக்கின்றன. நண்பகலில் மணல் 60 டிகிரி செல்சியசைத் தொடும்போது, மற்ற எல்லா உயிர்களும் நிழலுக்கு ஓடிவிடும். எறும்புண்ணும் பல்லிகளும் வளைக்குள் போய்விடும். அந்த நேரம் பார்த்துத்தான் வெள்ளி எறும்புகள் கூட்டம் கூட்டமாக வெளியே வருகின்றன. வெயிலில் சுருண்டு மடிந்த பூச்சிகளைப் பொறுக்கிக்கொண்டு திரும்புகின்றன. உடல் வெப்பம் 53 டிகிரியைத் தாண்டினால் அவற்றுக்கும் மரணம்தான். பல்லிக்குப் பயந்து முன்னதாக வர இயலாது. வெயிலுக்குப் பயந்து நெடுநேரம் நிற்கவும் இயலாது. ஒரு நாளில் சில நிமிடங்களே கிடைக்கும். அதனால் ஓடுகின்றன, வினாடிக்கு 85 சென்டிமீட்டர், உடல் நீளத்தைப்போல் 108 மடங்கு என 2019-இல் அளந்தனர். உடலைப் போர்த்தியிருக்கும் வெள்ளி முடிகள் ஒவ்வொன்றும் முக்கோணப் பட்டகம்போல் அமைந்து சூரிய ஒளியைத் திருப்பி அனுப்புகின்றன. இயற்பியல் வகுப்பில் நாம் கண்ணாடியில் செய்து பார்த்த முழு அக எதிரொளிப்பை இந்த எறும்பு முதுகில் சுமக்கிறது. இன்னும் ஒன்று: வெப்பத்தால் உடலின் புரதங்கள் சிதையாமல் காக்கும் பொருள்களை, சுட்ட பிறகு அல்ல, வெளியே வருமுன்பே தயாரித்துக்கொள்கிறது.

வெயிலுக்கு இது என்றால், பனிக்கு அலாஸ்காவின் மரத்தவளை. குளிர்காலம் வந்ததும் காட்டுச் சருகுகளின் அடியில் ஒடுங்கிக்கொள்ளும். உடலிலுள்ள நீரில் மூன்றில் இரண்டு பங்கு பனிக்கட்டியாகிவிடும். இதயம் நிற்கும், மூச்சும் நிற்கும். தட்டினால் கல்போல் ஒலிக்கும். பூஜ்யத்துக்குக் கீழே 18 டிகிரி வரை குளிர்ந்து, ஏழு மாதமளவு உறைந்து கிடந்த தவளைகள் வசந்தத்தில் உருகி, தத்திக்கொண்டு போனதை அலாஸ்கா ஆய்வாளர்கள் 2014-இல் வெளியிட்டனர். உறையத் தொடங்கியதும் ஈரல் சர்க்கரையை வெள்ளமாய்ப் பாய்ச்சுகிறது. அது உயிரணுக்களுக்குள் பனி ஊசிகள் புகாமல் காக்கிறது. நமக்கு இரத்தத்தில் அவ்வளவு சர்க்கரை ஏறினால் மருத்துவமனையில்தான் கண் விழிப்போம்.

கண்ணுக்குத் தெரியாத உயிர்களுள் வீரர்கள் இன்னும் பலர். 1956-இல் அமெரிக்காவின் ஆரிகன் மாநிலத்தில், டின்னில் அடைத்த இறைச்சியைக் காமாக் கதிரால் கிருமி நீக்கம் செய்து பார்த்தனர். எல்லாம் செத்தொழிந்திருக்க வேண்டிய டின்னில் இறைச்சி கெட்டுப்போயிருந்தது! அதில் கண்டெடுத்த பாக்டீரியா 5,000 கிரே கதிரையும் தாங்கும். மனிதருக்கு 5 கிரே போதும். கதிர் தாக்கி நூற்றுக்கணக்கான துண்டுகளாகும் தன் மரபுப் பொருளை அது சில மணி நேரத்தில் ஒட்டிச் சேர்த்துவிடுகிறது.

மற்றொன்றுக்கு நாமெல்லாம் கடன்பட்டிருக்கிறோம். 1966-இல் தாமஸ் பிராக் என்பவரும் அவர் மாணவரும் அமெரிக்காவின் யெல்லோஸ்டோன் பூங்காவிலுள்ள வெந்நீர் ஊற்றில், 70 டிகிரி வெப்பத்தில் சுகமாக வாழும் ஒரு பாக்டீரியாவைக் கண்டனர். இதனால் யாருக்கு என்ன பயன் என்று அன்று கேட்டிருந்தால் பதில் இராது. 1983-இல் கேரி முல்லிஸ் மரபுப் பொருளைக் கோடிக்கணக்கில் பிரதி எடுக்கும் பி.சி.ஆர். என்னும் முறையைக் கண்டறிந்தார். 1993-இல் அதற்காக நோபல் பரிசும் பெற்றார். இம்முறையில் ஒவ்வொரு சுற்றிலும் கலவையை 95 டிகிரி அளவுக்குச் சூடாக்க வேண்டும். சாதாரண நொதிகள் அவ்வெப்பத்தில் முட்டை வெந்ததுபோல் ஆகிவிடும். அந்த வெந்நீர்ப் பாக்டீரியாவின் நொதியோ கெடவில்லை. 2020-இல் கொரோனாப் பெருந்தொற்றின்போது நம் வீடுகளில் மூக்கிலும் தொண்டையிலும் பஞ்சுக் குச்சி விட்டு எடுத்தார்களே, அந்தச் சோதனை இந்த முறையில்தான் நடந்தது. பிள்ளைக்குக் காய்ச்சல் என்றால் முடிவு வரும்வரை உறங்காதிருந்த பெற்றோருக்கு இது நினைவிருக்கும்.

தாவரங்களை விட்டுவிட்டோம் என்று கோபிக்க வேண்டாம். சீனாவின் வடகிழக்கில், நீர் வற்றிய ஓர் ஏரியின் படுகையிலிருந்து தோண்டியெடுத்த தாமரை விதைகளுள் ஒன்று ஏறத்தாழ 1,300 ஆண்டு பழமையானது, அது முளைத்தது. தாமரை விதையின் ஓடு நீரும் காற்றும் புகாத அளவு கடினமானது. கடையில் வாங்கி முளைக்கப்போட்டவர்களுக்குத் தெரியும், அரத்தால் ஓட்டைத் தேய்க்காவிட்டால் தொட்டியிலே அது கல்லாகவே கிடக்கும்.

கடைசியாக, தாங்குவோரில் தலைசிறந்தது. 1773-இல் கோட்சே என்ற ஜெர்மானியப் போதகர் நுண்ணோக்கியில் கண்டு இதைச் சிறு நீர்க்கரடி என்றார். சில ஆண்டுகளில் இத்தாலியின் ஸ்பல்லன்சானி, குருத்துவத்தையும் அறிவியலையும் ஒருங்கே பேணியவர், மெல்ல நடப்பது என்று பொருள்படும் பெயரை இதற்குச் சூட்டினார். ஆங்கிலத்தில் டார்டிகிரேடு என்பது அதுவே. வேகத்தில் தொடங்கிய நாம் மெல்ல நடப்பதிடம் வந்து சேர்ந்திருக்கிறோம்! அரை மில்லிமீட்டர் நீளம், எட்டுக் குட்டைக் கால்கள், ஒவ்வொன்றிலும் நகங்கள். பாசியில் ஒட்டியிருக்கும் நீர்த்துளியே இதன் கடல். அந்த நீர் வற்றினால் தலையையும் கால்களையும் உள்ளிழுத்து, உடல் நீரில் ஏறத்தாழ முழுவதையும் இழந்து, சிறு பீப்பாய்போல் சுருண்டுவிடும். அந்நிலையில் உண்பதில்லை, வளர்வதில்லை, உயிர்ச்செயல்கள் ஓய்ந்துவிடுகின்றன. ஒரு துளி நீர் விட்டால் மறுபடி நடக்கும். 2007-இல் விண்கலத்தில் ஏற்றி, பத்து நாள் விண்வெளியின் வெற்றிடத்தில் திறந்து வைத்தனர். பல பிழைத்து வந்தன. சூரியனின் புற ஊதாக் கதிர் முழுவதும் பட்டவற்றுள் மிகச் சிலவே தப்பின. அண்டார்க்டிகாவில் 1983-இல் எடுத்து உறையவைத்த பாசியை ஜப்பானியர் 2014-இல் உருக்கிப் பார்த்தபோது, முப்பது ஆண்டு உறங்கிய நீர்க்கரடி எழுந்து முட்டையும் இட்டது.

இதனால் இதற்குச் சாவே இல்லை என்று சிலர் எழுதுகின்றனர். அது மிகை. சுருண்ட நிலையில் அசகாயசூரனாகிய இது, நடமாடும் நிலையில் வெறும் புழுவைப்போல் மெல்லியது. 2020-இல் வெளியான ஆய்வில், 37 டிகிரி வெப்பமுள்ள நீரில் ஒரு நாள் இருந்த நீர்க்கரடிகளுள் பாதி மடிந்தன. நம் உடம்புச் சூடு அது. சித்திரை வெயிலில் நம் ஊர் அதைத் தாண்டிவிடும். நூறாண்டுக்கு மேல் உலர்ந்த பாசியிலிருந்து எழுந்தது என்பதும் அப்படித்தான். 1948-இல் ஒருவர் கண்டது காலின் சிறு அசைவை மட்டுமே.

உலரும்போது இதன் உயிரணுக்களில் ஒரு வகைப் புரதம் கண்ணாடிபோல் இறுகி, மற்றப் பொருள்கள் சிதையாமல் பிடித்துக்கொள்கிறது. 2023-இல் அமெரிக்காவின் வயோமிங் பல்கலைக்கழகத்தார், ஹீமோஃபீலியா என்னும் இரத்தம் உறையா நோய்க்குத் தரப்படும் எட்டாம் காரணி என்ற மருந்தை, நீர்க்கரடிப் புரதத்தின் துணையால் குளிர்பெட்டியில் வைக்காமலே கெடாமல் காக்க முடியும் என்று ஆய்வுக்கூடத்தில் காட்டினர். மருந்துக் கடைக்கு இன்னும் வரவில்லை. வந்தால், மின்சாரம் அடிக்கடி நின்றுபோகும் ஊரில் அடிபட்டுக் கிடக்கும் ஒரு சிறுவனுக்கு அதன் அருமை தெரியும்.

நீர்க்கரடியைக் காண அண்டார்க்டிகா செல்ல வேண்டியதில்லை. மழைக்காலம் முடிந்தபின் மதில்சுவரிலோ மரப்பட்டையிலோ காய்ந்திருக்கும் பச்சைப் பாசியை ஒரு கைப்பிடி எடுங்கள். மண்ணைத் தட்டிவிட்டு, அகலமான தட்டில் தலைகீழாக வைத்து மழைநீர் ஊற்றி ஓரிரவு விடுங்கள். குழாய் நீரில் குளோரின் இருக்கலாம். மறுநாள் பாசியைப் பிழிந்து எடுத்துவிட்டு, தட்டின் அடியில் தங்கிய நீரைச் சொட்டுக் குழாயால் உறிஞ்சி, கண்ணாடித் தகட்டில் இட்டு, நுண்ணோக்கியின் குறைந்த உருப்பெருக்கத்தில் தேடுங்கள். முதலில் நெளியும் நூற்புழுக்கள் தெரியும், அவை அல்ல. மண்துகள்களைப் பற்றிப் பிடித்துக்கொண்டு, தள்ளாடித் தள்ளாடி எட்டுக் காலால் நடப்பது ஏதேனும் கண்ணில் படுகிறதா பாருங்கள். ஒரு சுவரில் கிடைக்காவிட்டால் வேறு சுவரின் பாசியை எடுங்கள். பார்த்து முடித்ததும் நீரைச் சாக்கடையில் ஊற்றாமல், எடுத்த இடத்துப் பாசியின்மேலேயே ஊற்றிவிடுங்கள்.